சிற்றூரில் ஜெர்மன் வகுப்பு: ஆசிரியர்களின் கேள்விகளும் பதில்களும்

ஊருக்கே ஒரே ஜெர்மன் ஆசிரியராக இருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் கேள்விகளைச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: "மூன்று மாதத்தில் பி1 முடித்துத் தருவீர்களா?" என்றுதான் எல்லோரும் கேட்டுக்கொண்டே வருகிறார்கள். முடியாது என்றால் போய்விடுகிறார்கள். என்ன பதில் சொல்வது?

கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள். மொழித் திறன் நிலைகள் ஏ1, ஏ2, பி1, பி2, சி1 என்று படிப்படியாக உயர்பவை. ஜெர்மன் கற்பித்துத் தேர்வும் நடத்தும் கொய்தே நிறுவனம் 45 நிமிடத்தை ஒரு பாடவேளையாக வைத்துக் கணக்கிடுகிறது. தொடக்கத்திலிருந்து ஏ1 முடிக்க 80 முதல் 200 வரை, ஏ2 முடிக்க 200 முதல் 350 வரை, பி1 முடிக்க 350 முதல் 650 வரை, பி2 முடிக்க 600 முதல் 800 வரை பாடவேளைகள் என்பது அதன் மதிப்பீடு.

நீங்கள் தினமும் ஒன்றரை மணி நேரம், வாரம் ஆறு நாள் வகுப்பு எடுப்பதாக வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 12 பாடவேளை. மூன்று மாதத்தில், அதாவது 13 வாரத்தில், 156 பாடவேளை ஆகும். அது ஏ1-க்கான அளவு. பி1-க்குக் குறைந்தபட்சமான 350-ஐத் தொடவே 29 வாரத்துக்குச் சற்று மேல் வேண்டும். தினமும் ஐந்து பாடவேளை வைத்தால் 13 வாரத்தில் 390 வரும். வேறு வேலை எதுவும் இல்லாத, ஏற்கெனவே ஓர் அந்நிய மொழியை நன்றாகக் கற்றிருக்கிற ஒருவருக்கு அது போதலாம். மாலையில் களைத்து வருகிற ஒருவருக்குப் போதாது.

சிறிய ஊரில் நாம் கீழ் எல்லையை நம்பித் திட்டமிடவே கூடாது. பெர்லினில் படிக்கிறவர் வகுப்பு முடிந்து பேருந்தில் ஏறினாலும் காதில் ஜெர்மன் விழும். உங்கள் மாணவருக்கு அந்த மொழி ஒலிக்கிற இடம் உங்கள் வகுப்பு ஒன்றுதான். அதனால் பி1-க்கு 500 பாடவேளை, மேலே சொன்ன வேகத்தில் சுமார் 42 வாரம் என்று சொல்லிச் சேருங்கள். சிலர் போய்விடுவார்கள். பொய்யான கெடு கொடுத்துச் சேர்த்தவர்கள் நான்காவது மாதத்தில் எப்படியும் போகத்தான் போகிறார்கள், அதுவும் கோபத்தோடு.

கேள்வி: மாணவர்கள் ஜெர்மன் சொற்களின் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். அனுமதிக்கலாமா? எந்த ஒலிகளுக்கு அதிக நேரம் கொடுக்க வேண்டும்?

அனுமதிக்க வேண்டாம். இந்தப் பக்கத்தில் அச்சு வசதிக்காக நாம் தமிழில் எழுதுகிறோம். மாணவர் நோட்டில் அதுவே கெட்ட பழக்கமாகிவிடும். தமிழில் "ப" ஒன்றே இரண்டு ஒலிக்கும் நிற்கிறது. ஜெர்மனில் ரொட்டி சுடுவதும் பெட்டி கட்டுவதும் அந்த ஒரே ஒலியால்தான் வேறுபடுகின்றன. தமிழில் எழுதினால் இரண்டுமே "பக்கன்". பிறகு வாயிலும் இரண்டும் ஒன்றாகிவிடும்.

இதற்கு ஒரு காகிதத் துண்டு போதும். இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, வாய்க்கு முன்னால் தொங்கவிட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள். பெட்டி கட்டும் "பக்கன்" சொல்லும்போது காற்றில் துண்டு துள்ள வேண்டும், ரொட்டி சுடும் "பக்கன்" சொல்லும்போது அசையக் கூடாது. இதே சோதனையை "ட", "க" ஒலிகளுக்கும் செய்யுங்கள். முதல் இரண்டு வாரம் வகுப்பின் தொடக்கத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்கினாலே வித்தியாசம் தெரியும்.

மேலே இரண்டு புள்ளி வைத்த ஜெர்மன் "உ"-வுக்கு நாக்கு "ஈ" சொல்லும் இடத்திலேயே இருக்க, உதடு மட்டும் "ஊ" சொல்வதுபோல் குவிய வேண்டும். புள்ளி வைத்த "ஓ"-வுக்கு நாக்கு "ஏ"-யில், உதடு "ஓ"-வில். பெரும்பாலோர் நாக்கையும் சேர்த்து இழுத்துவிடுவதால் அது "யூ" ஆகிவிடுகிறது. கைபேசியின் முன்கேமராவைத் திறந்து, நீளமாக "ஈ" சொல்லிக்கொண்டே உதட்டைக் குவிக்கச் சொல்லுங்கள். ஒலி தானாக வரும். இதைக் கடந்துபோகாதீர்கள்: அம்மா என்பதும் அம்மாக்கள் என்பதும் இந்த ஒலியால் மட்டுமே வேறுபடுகின்றன.

"நான்" என்பதற்கான சொல்லில் வரும் மென்மையான "ஹ்" ஒலியை "இஷ்" என்று சொல்கிறவர்கள் ஏராளம். அப்படிச் சொன்னால் தேவாலயம் செர்ரிப் பழம் ஆகிவிடும். "யீ" என்று சொல்லி, குரலை நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் விட்டால் அந்த ஒலி கிடைக்கும். சொல்லின் கடைசியில் வரும் "ப, ட, க" பொதுவாக அழுத்தமாகவே ஒலிக்கும் என்பதையும் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள்.

குறில் நெடிலுக்கு நேரம் செலவிட வேண்டாம். "மீட்டெ" வாடகை, "மிட்டெ" நடு. "ஷ்டாட்" அரசு, "ஷ்டட்" நகரம். இந்தக் காது தமிழருக்குப் பிறப்பிலேயே உண்டு, எடுத்துக் காட்டினால் பிடித்துக்கொள்வார்கள். தொண்டையிலிருந்து வரும் "ர" ஒலிக்காகவும் யாரையும் வதைக்க வேண்டாம். ஜெர்மனியின் தெற்கில் நாக்கு நுனியால் "ர" சொல்லும் ஜெர்மானியர்களே இருக்கிறார்கள்.

கேள்வி: "டேர், டீ, டஸ்" எவ்வளவு சொன்னாலும் மறந்துவிடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் "டீ" போடுகிறார்கள்.

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் "டேர்" ஆண்பாலையும், "டீ" பெண்பாலையும், "டஸ்" அஃறிணைப் பாலையும் காட்டும். சொல்லைத் தனியாகவும் அதன் பாலைத் தனியாகவும் கற்பித்தால் இப்படித்தான் ஆகும். பலகையில் ஒரு பெயர்ச்சொல்லைக்கூட வெறுமனே எழுதாதீர்கள். பால் காட்டும் சொல், பெயர்ச்சொல், அதன் பன்மை மூன்றும் ஒரே வரியில், பாலுக்கு ஒரு நிறம் என்று எழுதுங்கள். வாய்மொழித் தேர்விலும் மூன்றும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண். பாதி மதிப்பெண் கொடுக்கத் தொடங்கினால் பாலைப் படிப்பதை மாணவர் விட்டுவிடுவார்.

ஈறுகளில் பயனுள்ள சிலவற்றை மட்டும் கொடுங்கள். "உங்", "ஹைட்", "கைட்", "ஷஃப்ட்" என்று முடிந்தால் பெண்பால். "ஹென்", "லைன்" என்று சிறுமை காட்டி முடிந்தால் அஃறிணைப் பால், சிறுமியைக் குறிக்கும் சொல் உட்பட. தொழில் செய்பவரைக் குறிக்கும் "அர்" ஈறு ஆண்பால். நீண்ட பட்டியல் கொடுத்தால் விதிவிலக்குகளே வகுப்பைத் தின்றுவிடும்.

அளவு: ஏ1 சொற்பட்டியலில் சுமார் 650 சொற்கள் இருக்கின்றன. நாளுக்குப் பத்து என்றால் 65 வகுப்பு நாள், அதாவது பதினோரு வாரம். புதிய பத்தோடு, முந்தின நாள் பத்தையும் ஒரு வாரத்துக்கு முந்தின பத்தையும் சேர்த்துக் கேளுங்கள். ஒரே மூச்சில் ஐம்பது சொல் கொடுக்கும் வீட்டுப்பாடம் வீண்.

கேள்வி: வேற்றுமை பாடம் வந்ததும் வகுப்பே சோர்ந்துவிடுகிறது. தமிழ் இலக்கணத்தைத் துணைக்கு அழைக்கலாமா, அல்லது ஜெர்மனிலேயே நடத்த வேண்டுமா?

தயங்காமல் அழையுங்கள். இந்த இடத்தில் தமிழ் நமக்குக் கிடைத்த பெரிய வசதி. இரண்டாம் வேற்றுமையும் நான்காம் வேற்றுமையும் தெரிந்தவருக்கு அக்கூசாட்டிவும் டாட்டிவும் புதியவை அல்ல. "எனக்குக் குளிர்கிறது", "எனக்குப் பிடித்திருக்கிறது", "அவனுக்கு உதவு", "அவருக்கு நன்றி சொல்", "அது எனக்குச் சொந்தம்": இவை அத்தனையிலும் தமிழில் "கு" வரும் இடத்தில் ஜெர்மனில் டாட்டிவ் வருகிறது. இந்த ஐந்தையும் பலகையில் போட்டுவிட்டால் பாதி பயம் போய்விடும்.

ஆனால் தமிழ் கைவிடும் இடங்களையும் அன்றே சொல்லிவிட வேண்டும். முதலாவது, தமிழில் அஃறிணைப் பொருளுக்கு "ஐ" உருபு பல நேரம் மறைந்துவிடும். "புத்தகம் வாங்கினேன்" என்கிறோம். அதனால்தான் மாணவர் "டேர்" என்பதை "டேன்" ஆக்க மறக்கிறார். ஆட்களைக் கொண்டு தொடங்குங்கள். "அண்ணன் பார்த்தேன்" என்று யாரும் சொல்லமாட்டார்கள், "அண்ணனைப் பார்த்தேன்" என்றுதான் வரும். ஆண்பால் மனிதப் பெயர்களில் ஒரு வாரம் பழகிய பிறகு நாற்காலி, மேசைக்கு வாருங்கள்.

இரண்டாவது, வேற்றுமை பொருந்தாத வினைகள். நாம் "அவருக்கு ஃபோன் செய்", "அவரிடம் கேள்" என்கிறோம். ஜெர்மனில் இரண்டுமே அக்கூசாட்டிவ். இப்படிப்பட்டவற்றைத் தனிப் பக்கத்தில் சேர்த்துக்கொண்டே வரச் சொல்லுங்கள்.

மூன்றாவதுதான் மிகவும் கடினம். "மேசை மேல் வை", "மேசை மேல் இருக்கிறது" என்று தமிழ் இரண்டுக்கும் ஒரே உருவம் வைத்திருக்கிறது. ஜெர்மன் முதலாவதை "டேன்" (அக்கூசாட்டிவ்) என்றும் இரண்டாவதை "டேம்" (டாட்டிவ்) என்றும் பிரிக்கும். விளக்கிக்கொண்டிருக்காமல், ஒரு புத்தகத்தை எடுத்து ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள். வைக்கும்போது ஒரு வாக்கியம், வைத்துக் கையை எடுத்த பிறகு ஒரு வாக்கியம். மேல், கீழ், பக்கத்தில், இடையில் என்று இருபது நிமிடம் போகட்டும். ஓர் எச்சரிக்கை: "அசைவு இருந்தால் அக்கூசாட்டிவ்" என்று விதி சொல்லிவிடாதீர்கள். பூங்காவுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருப்பவருக்கு அசைவு உண்டு, ஆனால் டாட்டிவ்தான் வரும். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குள் போய்ச் சேர்கிறதா என்பதே கேள்வி. தவறாகக் கற்ற விதியை பி1-இல் போய்க் கழற்றுவது இரட்டை வேலை.

வாக்கிய அமைப்பிலும் தமிழைப் பயன்படுத்தலாம். "இன்று என்னால் வர முடியாது" என்பதில் "வர முடியாது" கடைசியில் சேர்ந்து நிற்கிறது. ஜெர்மனில் "முடியும்" இரண்டாம் இடத்துக்குப் போய்விட, "வர" மட்டும் கடைசியில் தங்கும். "ஏனென்றால்" என்று தொடங்கும் துணை வாக்கியத்தில் வினை முழுவதும் கடைசிக்கு வந்துவிடுவதால் அது தமிழருக்கு எளிது. தடுமாற்றமெல்லாம் சாதாரண வாக்கியத்தில்தான்: "இன்று" என்று தொடங்கிவிட்டு "நான்" சொல்லிப் பிறகு வினை சொல்வார்கள். வினை அட்டையை மேசையில் இரண்டாம் இடத்தில் ஒட்டிவிட்டு மற்ற அட்டைகளை மட்டும் இடம் மாற்ற விடுங்கள்.

கேள்வி: இருக்கிற மாணவர்கள் குறைவு. ஏ1, ஏ2 இரண்டையும் ஒரே மாலை வகுப்பில் வைத்துத்தான் நடத்த முடிகிறது.

இரண்டு நிலை வரை சமாளிக்கலாம், மூன்றாவதைச் சேர்க்காதீர்கள். 90 நிமிடத்தை இப்படிப் பிரியுங்கள். முதல் 10 நிமிடம் எல்லோரும் சேர்ந்து பேச்சு: எண்கள், நேரம், நேற்று செய்தது. அடுத்த 25 நிமிடம் நீங்கள் ஏ1-உடன் இருங்கள். ஏ2 மாணவர் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டல் பயிற்சியை எழுதட்டும். அடுத்த 25 நிமிடம் மாற்றுங்கள்: ஏ1 எழுத்துப் பயிற்சி, நீங்கள் ஏ2-உடன். அதற்கடுத்த 25 நிமிடம் ஏ2 மாணவர் ஒருவரும் ஏ1 மாணவர் ஒருவரும் இணையாக உட்கார்ந்து, ஏ2 மாணவர் கேள்வி கேட்டுக் கிடைத்த பதிலை இறந்தகாலத்தில் எழுதட்டும். கடைசி 5 நிமிடம் வீட்டுப்பாடம்.

இது கெடுவது ஓரிடத்தில்தான். ஏ2 மாணவர்களை ஏ1-க்குத் துணை ஆசிரியர்களாக்கிவிடுவோம். அவர்கள் கற்பதும் நின்றுபோகும், அவர்களுடைய பிழையும் கீழே இறங்கும். இணைப் பயிற்சியில் அவர்களுக்கென்று எழுத ஒரு வேலை இருக்க வேண்டும் என்பது அதற்காகவே. விடைத்தாள்களை முன்கூட்டியே அச்சிட்டு வைத்திருந்தால், திருத்தும் வேலை நேரத்தைத் தின்னாது.

கேள்வி: என் மாணவர்கள் பி1-இல் படித்தலும் கேட்டலும் தேறிவிடுகிறார்கள். எழுத்தில் விழுகிறார்கள். இலக்கணம் நன்றாகவே தெரியும்.

இலக்கணம் தெரிந்தும் விழுகிறார்கள் என்றால், கேள்வியில் கேட்டதை எழுதவில்லை என்று பொருள். கொய்தே பி1 எழுத்துத் தேர்வு 60 நிமிடம், மூன்று பகுதி: நண்பருக்கு மின்னஞ்சல் சுமார் 80 சொல், ஒரு கருத்துக்கு உங்கள் எண்ணம் சுமார் 80 சொல், முறையான மின்னஞ்சல் சுமார் 40 சொல். முதல் பகுதியில் மூன்று குறிப்புகள் கொடுத்திருப்பார்கள். ஒன்றை விட்டுவிட்டு மற்ற இரண்டை அழகாக எழுதினால் மதிப்பெண் குறையும். மனப்பாடம் செய்த கடிதத்தை அப்படியே இறக்கிவைத்தால் தலைப்பு பொருந்தாமல் அந்தப் பகுதியே போய்விடலாம்.

பழக்கும் முறை: முதல் பகுதிக்கு 20, இரண்டாவதற்கு 25, மூன்றாவதற்கு 15 நிமிடம் என்று மணி வைத்து எழுதவையுங்கள். தொடங்குமுன் குறிப்பு ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு வினைச்சொல்லை எழுதச் சொல்லுங்கள், முடித்ததும் அவற்றை அடித்துக்கொண்டே வரட்டும். திருத்தும்போது எல்லாப் பிழைக்கும் சிவப்பு மை போடாதீர்கள். அந்த வாரம் வினையின் இடம் மட்டும், அடுத்த வாரம் வாக்கியங்களை இணைக்கும் சொற்கள் மட்டும். திருத்திய தாளை மாணவர் மறுபடி முழுதாக எழுதித் தர வேண்டும். அதைச் செய்யாத திருத்தம் ஆசிரியரின் உழைப்பை மட்டுமே கேட்கும். மூன்றாவது பகுதியில் "நீ"-யும் "நீங்கள்"-உம் கலந்துவிடுவது சாதாரணம். நம் பேச்சிலும் அந்த வேறுபாடு உண்டு என்பதை நினைவுபடுத்தினாலே போதும்.

விழுந்தவர் மனமுடைய வேண்டாம். பி1 தேர்வின் நான்கு பகுதிகளும் தனித்தனி. ஒவ்வொன்றிலும் 100-க்கு 60 வேண்டும், தேறாத பகுதியை மட்டும் மறுபடி எழுதலாம்.

கேள்வி: பேச்சுத் தேர்வுக்கு எப்படித் தயார் செய்வது? என் குரலைத் தவிர வேறு ஜெர்மன் குரலை அவர்கள் கேட்டதில்லை.

இந்தக் கவலை சரியானதுதான். பி1 தேர்வை கொய்தே நிறுவனமும், ஆஸ்திரியாவின் ஓஎஸ்டி என்னும் ஜெர்மன் தேர்வு அமைப்பும், சுவிட்சர்லாந்தின் ஃப்ரைபூர்க் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கின. எனவே மூன்று நாட்டு உச்சரிப்பும் மாணவருக்கு அந்நியமாக இருக்கக் கூடாது. ஜெர்மனியின் டாய்ச்ச வெல்ல ஒலிபரப்பு நிலையம் மெதுவாக வாசிக்கும் செய்திகளை எழுத்து வடிவத்தோடு இலவசமாகத் தருகிறது. ஏ2 இறுதியிலிருந்து வாரம் இருமுறை வகுப்பில் போடுங்கள். முதலில் எழுத்தைக் காட்டாமல் கேட்கவைத்து, பிறகு காட்டி, பிறகு குரலோடு சேர்ந்து வாசிக்கச் செய்யுங்கள். கேட்டல் தேர்வில் சில பகுதிகள் ஒருமுறை மட்டுமே ஒலிக்கும். வகுப்பில் எப்போதும் மூன்று முறை போட்டுப் பழக்கினால் தேர்வறையில் திகைப்பார்கள்.

பேச்சுத் தேர்வு இருவர் சேர்ந்து செய்வது: சேர்ந்து ஒன்றைத் திட்டமிடுதல், ஐந்து பக்கத் தாளை வைத்து ஒரு தலைப்பில் பேசுதல், மற்றவர் பேச்சுக்குக் கருத்தும் கேள்வியும். தயாரிப்புக்கு 15 நிமிடம். உச்சரிப்புக்கு மட்டும் 16 மதிப்பெண் தனியாக இருக்கிறது. மேலே சொன்ன காகிதத் துண்டுப் பயிற்சிக்கு இதுவும் ஒரு காரணம். திட்டமிடும் பகுதியில் நம் மாணவர்கள் எதற்கும் "ஆமாம், நல்ல யோசனை" என்று தலையாட்டிவிடுவார்கள், பேச்சு அரை நிமிடத்தில் செத்துவிடும். ஒவ்வொருவரும் ஒருமுறையாவது மறுத்து, வேறு யோசனை சொல்லியே ஆக வேண்டும் என்று விதி வையுங்கள். வாரா வாரம் இணையை மாற்றுங்கள்.

கேள்வி: பேச ஆளில்லாமல் என் ஜெர்மனே துருப்பிடிக்கிறது. நான் பி2 தேறியவள்.

ஏ1, ஏ2 நடத்த பி2 போதும். பி1 நடத்துவதற்குள் சி1 நோக்கிப் போயாக வேண்டும், இல்லையென்றால் மாணவர் கேள்விக்குப் புத்தகத்தின் விடைப்பக்கமே உங்கள் எல்லையாகிவிடும். தினமும் பத்து நிமிடம் போதும்: ஒரு செய்தியின் ஒரு நிமிடத்தைக் கேட்டு எழுதுங்கள், எழுத்து வடிவத்தோடு ஒப்பிடுங்கள், பிறகு அதை வாசித்துப் பதிவு செய்து மூலக் குரலுக்குப் பின்னாலேயே கேளுங்கள். வாரம் ஒருமுறை இணையவழியில் ஜெர்மன் பேசும் ஒருவரோடு அரை மணி நேரம், அவர் உங்களிடம் தமிழ் அல்லது ஆங்கிலம் பழக, நீங்கள் ஜெர்மன் பழகுங்கள். கற்பிக்கும் முறைக்கு கொய்தே நிறுவனத்தின் "டாய்ச் லேரன் லேர்னன்" பயிற்சித் தொடர் இருக்கிறது.

கேள்வி: விசா பற்றியெல்லாம் என்னிடமே கேட்கிறார்கள். கட்டணம் கேட்பதற்கும் சங்கடமாக இருக்கிறது.

மொழித் தகுதி வரை மட்டும் பதில் சொல்லுங்கள். கணவன் அல்லது மனைவியோடு சேரப் போகிறவருக்குப் பொதுவாக ஏ1 சான்றிதழ், சில விதிவிலக்குகள் உண்டு. ஜெர்மனிக்குப் போய் வேலை தேட 2024 ஜூனில் வந்த வாய்ப்பு அட்டைக்கு ஏ1 ஜெர்மன் அல்லது பி2 ஆங்கிலம் அடிப்படை மொழித் தகுதி. ஏ2, பி1, பி2 என உயர உயர மதிப்புப் புள்ளி கூடும். உங்கள் வகுப்பில் தரும் சான்றிதழ் தூதரகத்தில் செல்லாது என்பதைச் சேரும் நாளிலேயே எழுத்தில் கொடுங்கள். வேலை வாங்கித் தருவதாக யார் சொன்னாலும் அந்தப் பேச்சில் உங்கள் பெயர் வரவிடாதீர்கள்.

கட்டணத்தை மாதத்துக்கு அல்ல, நிலைக்கு நிர்ணயித்து, எத்தனை பாடவேளை என்பதை அதே தாளில் எழுதுங்கள். இரண்டு மூன்று தவணையாக வாங்கலாம். மாணவர் வராத நாளுக்கும் நீங்கள் விடுப்பெடுத்த நாளுக்கும் என்ன ஏற்பாடு என்று முன்பே எழுதியிருந்தால் சங்கடம் வராது. தேர்வுக் கட்டணத்தை மாணவரே தேர்வு மையத்தில் நேராகக் கட்டட்டும், உங்கள் கை வழியாகப் போக வேண்டாம்.

கேள்வி: புள்ளி எழுத்துகளையும் "எஸ்செட்" எழுத்தையும் கணினியில் எப்படி அடிப்பது?

எஸ்செட் என்பது "ஸ்" ஒலிக்கான தனி ஜெர்மன் எழுத்து. கைபேசியில் மூல எழுத்தை அழுத்திப் பிடித்தால் வரும். விண்டோஸில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு எண்பலகையில் 0228, 0246, 0252 அடித்தால் மூன்று சிறிய புள்ளி எழுத்துகளும், 0223 அடித்தால் எஸ்செட்டும் வரும். ஜெர்மன் விசைப்பலகைக்கு மாற்றினால் ஆங்கில ஒய்-யும் இசட்-டும் இடம் மாறிவிடும் என்று மாணவரை எச்சரியுங்கள். நெடிலுக்கும் ஈருயிருக்கும் பின் எஸ்செட், குறிலுக்குப் பின் இரட்டை எஸ். சுவிட்சர்லாந்தில் எஸ்செட்டே கிடையாது, எங்கும் இரட்டை எஸ்தான்.